இரண்டரை லட்சம் ரூபாய் கிட்டாரில் கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் செய்யப்பட்ட கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் கிட்டாரின் விலை அந்த நாட்டிலேயே 2,500 டாலருக்கு மேல். இந்தியாவில் வாங்கினால் இரண்டரை லட்சம் ரூபாய்க்குக் குறையாது. இவ்வளவு கொடுத்து வாங்கியவர் பெட்டியைத் திறந்து, ஐந்தாவது ஃப்ரெட்டில் விரலை அழுத்தி மீட்டினால் தந்தி கரகரக்கிறது. நெக்கின் ஓரமாகக் கையை இழுத்தால் ஃப்ரெட்டின் உலோக முனை கீறுகிறது. நண்பர் வீட்டில் இருக்கும் முப்பதாயிரம் ரூபாய் இந்தோனேசியக் கிட்டாரிலோ இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று கிட்டார் வாசிப்பவர்கள் குழம்புகிறார்கள். "பெயருக்குத்தான் காசு, தரம் போய்விட்டது" என்கிறது ஒரு தரப்பு. "மரம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும்" என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். விலை கூடும்போது எந்தெந்த வேலைகள் கைக்கு மாறுகின்றன, அவற்றில் எவ்வளவு நுட்பம் தேவை, அவற்றை யார் எப்போது சோதிக்கிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

முதலில் பாகங்கள்

கிட்டாரின் நீண்ட கைப்பகுதி நெக். அதன் மேல் ஒட்டிய மரப்பட்டை ஃபிங்கர்போர்டு. அதில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் ஃப்ரெட்டுகள். தந்திகள் தலைப்பக்கம் 'நட்' என்ற சிறு துண்டின் காடிகளில் உட்கார்ந்து, உடல்பக்கம் பிரிட்ஜில் முடிகின்றன. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள நீளம்தான் அதிர்கிறது. லெஸ் பாலில் அது சுமார் 628 மி.மீ., இன்னொரு அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் 648 மி.மீ.

ஆறு தந்திகளும் சேர்ந்து நெக்கை ஏறக்குறைய 45 கிலோ எடை தொங்குவது போல இழுக்கின்றன. அந்த இழுப்பில் மரம் வில்லாக வளைந்துவிடாமல் இருக்க நெக்குக்குள் ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. ட்ரஸ் ராட் என்று பெயர். கிப்சனில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூவுக்கு 1923-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இதன் முனையில் உள்ள மரையைத் திருகி நெக்கின் வளைவைக் கூட்டலாம், குறைக்கலாம். நெக் முழுக்க நேராக இருக்கக் கூடாது. நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்குக் குழிவு வேண்டும். அதை ரிலீஃப் என்கிறார்கள்.

வீணையைத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேறுபாடு உடனே புரியும். வீணையில் ஃப்ரெட்டுகளுக்கு இணையான 24 மெட்டுகளும் மெழுகில் நிற்கின்றன. காலப்போக்கில் சுருதி விலகினால் மெழுகை இளக்கி, காதால் கேட்டு, மெட்டை நகர்த்திச் சரிசெய்துவிடலாம்; மேளம் கட்டுவது என்று பெயர். கிட்டாரில் ஃப்ரெட்டை மரத்தில் அறுத்த காடியில் அடித்து இறக்கிவிடுகிறார்கள். அப்புறம் அது நகராது. கருவி கடைக்கு வரும்போதே சரியாக வந்தாக வேண்டும்.

இரண்டு தாளின் கனம்

"ஃப்ரெட் தப்பான இடத்தில் இருக்கிறது" என்று பலரும் முதலில் சந்தேகப்படுவார்கள். கணக்குப் போட்டால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் விலகிவிடும். லெஸ் பாலில் 12-வது ஃப்ரெட்டுக்கும் 13-வதுக்கும் இடைவெளி 17.6 மி.மீ. அது ஓர் அரைச்சுரம். அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு சென்ட் என்று பெயர். ஆக, 0.18 மி.மீ. பிசகினால் ஒரு சென்ட் மாறும். ஐந்து சென்ட்டை ஒட்டித்தான் சாதாரணக் காதுக்கு வித்தியாசம் தட்டுப்படும். அப்படியென்றால் ஃப்ரெட் ஏறக்குறைய 0.9 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். இன்றைய இயந்திரங்கள் அவ்வளவு தவறுவதில்லை.

உயரத்தில் நிலைமை வேறு. ஐந்தாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் அங்கிருந்து பிரிட்ஜ் வரை 470 மி.மீ. அவ்வளவு தூரத்தில் தந்தி மொத்தமே 3 மி.மீ. அளவுக்குத்தான் மேலேறுகிறது. அடுத்த ஃப்ரெட் 26 மி.மீ. தள்ளி நிற்கிறது. அந்த இடத்தில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இருப்பது 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவான இடம். நோட்டுப் புத்தகத் தாள் இரண்டை அடுக்கினால் வரும் கனம் அது.

ஆறாவது ஃப்ரெட் காடியில் முழுதாக இறங்காமல் ஒரு தாள் கனம் தூக்கி நின்றால், அந்த இடம் பாதியாகக் குறைந்துவிடும். தந்தி அதிரும்போது அதில் இடிக்கும். கரகரப்பு இதுதான். வாசிப்பவர்கள் ஃப்ரெட் பஸ் என்பார்கள். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பளபளப்பு, நிறம், மர ரேகை எல்லாம் குறையில்லாமல் இருக்கும்.

எதையெல்லாம் 'குறை' என்கிறோம்?

மூன்று வேறு விஷயங்களை ஒரே சொல்லால் சொல்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

1. தயாரிப்புக் குறை. திட்டமிட்ட அளவு ஒன்று, வந்தது வேறு. தூக்கிய ஃப்ரெட், ஆழம் போதாத நட் காடி, முறுக்கிய நெக், கோணம் பிசகிய இணைப்பு எல்லாம் இதில் சேரும்.

2. வடிவமைப்பின் பலவீனம். திட்டப்படியேதான் செய்திருக்கிறார்கள், திட்டத்திலேயே ஒரு மெலிவு இருக்கிறது.

3. இயல்பான வேறுபாடு. ஒரே மாதிரிக் கிட்டார்கள் இரண்டின் எடையும் மர ரேகையும் ஒன்றாக இருக்காது. இதைக் குறை என்று சொல்வது நியாயமில்லை.

மூன்றாவது வகைக்கு நல்ல உதாரணம் 1950-களின் பிக்கப். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள் அது. கிப்சனில் சேத் லவர் வடிவமைத்து, 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் பிக்கப்பை அப்போது சுற்றியபோது, கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாறியது. ஒன்று கனத்து ஒலித்தது, இன்னொன்று தெளிந்து ஒலித்தது. தொழிற்சாலைக் கணக்கில் அது சீரின்மை. இன்றைக்கு அந்தச் சீரின்மைக்காகவே பழைய பிக்கப்புகளைத் தேடிப் பெரும் விலைக்கு வாங்குகிறார்கள். இதைக் காட்டி, தூக்கிய ஃப்ரெட்டையும் 'கைவேலையின் அழகு' என்று சொல்பவர்கள் உண்டு. அதை ஏற்க முடியாது. பிக்கப் மாறினால் குரல் மாறும். ஃப்ரெட் தூக்கினால் வாசிக்கவே முடியாது.

உடையும் தலை: திட்டத்திலேயே இருக்கும் மெலிவு

லெஸ் பால் கிட்டார் அதை நிறுத்திவைக்கும் ஸ்டாண்டில் இருந்து சாய்ந்து விழுந்தால், நட்டுக்குப் பின்னால் தலை முறிவது அடிக்கடி கேட்கும் சேதி. மஹோகனி மரத்தின் ஒரே துண்டில் நெக்கையும் தலையையும் வெட்டுகிறார்கள். தலை 17 டிகிரி பின்னால் சாய்கிறது. நெக்கின் நீளத்துக்கு ஓடிவந்த மர இழைகள் அந்தச் சாய்வில் அறுபட்டு, குட்டை இழைகளாக நிற்கின்றன. போதாததற்கு, ட்ரஸ் ராட் மரைக்காக அதே இடத்தில்தான் மரத்தைக் குடைகிறார்கள்.

கிப்சனுக்கு இது தெரியாமல் இல்லை. 1960-களின் நடுவில் சாய்வை 14 டிகிரியாகக் குறைத்தார்கள். 1970-ஐ ஒட்டி அந்த இடத்தின் பின்புறம் ஒரு மரத் திமிலை விட்டுக் கனப்படுத்தினார்கள். பலவீனம் குறைந்தது. ஆனால் வாங்குபவர்கள் 1950-களின் அச்சு அசலைத்தான் கேட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் திமில் போனது, 17 டிகிரி திரும்பி வந்தது. ஆசியத் தொழிற்சாலைகளில் செய்யும் பல கிட்டார்களில் தலையைத் தனித் துண்டாகச் செய்து, சரிவான வெட்டில் ஒட்டுகிறார்கள். இழை தலையின் போக்கிலேயே ஓடுவதால் அந்த இடம் வலுவாக இருக்கிறது. மரத்தை மிச்சம் பிடிக்கச் செய்த முறை, விலை உயர்ந்த முறையைவிட இந்த ஒரு விஷயத்தில் மேலானது. பழமைக்குக் கொடுக்கும் விலை என்றே இதைச் சொல்ல வேண்டும்; வாங்குபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

விலை ஏறினால் கைவேலை ஏறுகிறது

முப்பதாயிரம் ரூபாய்க் கிட்டாரில் பெரும்பாலான வெட்டு வேலைகளைக் கணினி ஓட்டும் இயந்திரம் செய்கிறது. மேலே பாலியூரிதேன் அல்லது பாலியஸ்டர் பூச்சு. தடிமனாக, சீக்கிரம் இறுகி, சின்னப் பிழைகளை மூடிவிடும். ஃபிங்கர்போர்டின் ஓரத்தில் அலங்காரப் பட்டை பெரும்பாலும் இருக்காது. பிழை நுழைய வழிகள் குறைவு.

லெஸ் பால் ஸ்டாண்டர்டில் ஃபிங்கர்போர்டைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பட்டை ஓடுகிறது. பைண்டிங் என்பார்கள். நிறம் அடித்த பிறகு அந்தப் பட்டையின் மேல் படிந்த சாயத்தை ஒருவர் சிறு பிளேடால் சுரண்டி எடுக்கிறார். கை ஒரு நூல் விலகினால் சாயம் எஞ்சி நிற்கும், அல்லது மரம் கீறும். இன்னொன்று இதைவிட முக்கியம். ஃப்ரெட் முனை பைண்டிங்கின் மேல் ஏறாமல், அதன் உள்விளிம்போடு நின்றுவிடுகிறது. அந்த முனையை மூடினாற்போல பைண்டிங்கில் ஒரு சின்ன மேடு விட்டிருப்பார்கள். நிப் என்று பெயர். ஒவ்வொரு முனையிலும் இதைக் கையால் வடிவமைக்க வேண்டும்: 22 ஃப்ரெட், 44 முனைகள். பிளாஸ்டிக் சற்றே சுருங்கினாலும் ஃப்ரெட்டுக்கும் நிப்புக்கும் இடையே மயிரிழை இடைவெளி விழும். மெல்லிய முதல் தந்தியை விரலால் ஓரமாக இழுத்தால் அந்த இடைவெளியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். மெல்லிய தந்தி அதில் 'டக்'கென்று மாட்டி நிற்பதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், வாசிப்பு அந்த இடத்திலேயே நின்றுபோகும்.

பூச்சும் அப்படித்தான். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை மெல்லிய படலங்களாக அடித்து, காயவிட்டு, தேய்த்து மெருகேற்ற வேண்டும். முழுக்கக் காயாமல் அனுப்பினால் நெக் கையில் ஒட்டும். அவசரமாகத் தேய்த்தால் விளிம்பில் மரம் தெரியும்.

நெக்கை உடலோடு சேர்ப்பதில்தான் பெரிய வித்தியாசம். லியோ ஃபெண்டர் 1950-ஐ ஒட்டிக் கொண்டுவந்த முறையில் நெக்கை நான்கு ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கின்றன. கோணம் தவறினால் கழற்றி, அடியில் மெல்லிய தகடு வைத்து மாட்டலாம். நெக்கே கெட்டால் வேறு நெக் போடலாம். கிப்சனில் நெக்கைச் சுமார் 4 டிகிரி சாய்வில் பசை போட்டு ஒட்டுகிறார்கள். அரை டிகிரி தவறினாலும் பிரிட்ஜை அளவுக்கு மீறி ஏற்ற வேண்டியிருக்கும், அல்லது அடிவரை இறக்கியும் தந்தி தாழாது. பசையை இளக்கிக் கழற்றுவது பெரிய வேலை. பிழையைத் தாங்கும் வடிவமைப்பு ஒன்று, பிழையைப் பொறுக்காத வடிவமைப்பு இன்னொன்று. விலை அதிகம் இரண்டாவதற்கு.

ஆக, கூடுதல் பணம் கூடுதல் துல்லியத்தைத் தானாகக் கொண்டு வருவதில்லை. கை பட வேண்டிய இடங்களைத்தான் அது கூட்டுகிறது. அந்தக் கைகளுக்கு நேரமும், அவற்றைச் சோதிக்க இன்னொரு ஜோடிக் கண்களும் கொடுத்தால் மட்டுமே அந்தப் பணம் தரமாக மாறும்.

மரத்தின் பயணம்

தொழிற்சாலையில் காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். அங்கிருந்து கிளம்பும் கிட்டார் வாரக்கணக்கில் பெட்டிக்குள் இருக்கிறது. சென்னையின் கடற்காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும்; அங்கிருந்து ஏசி அறைக்குப் போனால் சட்டென்று காயும்.

மரம் காய்ந்தால் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில் சுருங்கும். ஃப்ரெட் உலோகம், அது சுருங்காது. அதனால் அதன் முனை ஓரத்தில் துருத்திக்கொண்டு வெளியே வரும். கையைக் கீறுவது அதுதான். நெக்கின் ரிலீஃபும் இதே காரணத்தால் மாறும். தொழிற்சாலையை விட்டபோது சரியாக இருந்த கிட்டார் நம் கைக்கு வரும்போது கரகரத்தால், தொழிற்சாலை, வாங்கியவர் இரு தரப்பும் உண்மையே சொல்கிறார்கள். ஆனாலும் ஒன்று: மரத்தை அறுக்கும் முன் போதிய காலம் உலரவிட்டால் இந்த அசைவு குறையும். உலர்த்துவதற்கு ஆகும் காலமும் காசுதான்.

ஃபிங்கர்போர்டு மரம் நமக்கு அந்நியமானதும் அல்ல. பிரேசில் ரோஸ்வுட் வணிகம் 1992-இல் சர்வதேச ஒப்பந்தப்படி அநேகமாக நின்றுபோனது. இன்று லெஸ் பால்களில் பொதுவாக இருப்பது இந்திய ரோஸ்வுட், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம். சட்டவிரோத மர இறக்குமதி என்ற சந்தேகத்தில் 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலைகளில் நடத்திய சோதனையில் இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலிப் பலகைகளையும் கைப்பற்றினார்கள். 2012-இல் மூன்று லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டு கிப்சன் வழக்கை முடித்தது. இடையில் சில மாடல்களில் சுட்டுக் கறுப்பாக்கிய மேப்பிள் மரத்தைப் போட்டார்கள். அதில் தவறொன்றும் இல்லை. 'மரத்தை மாற்றிவிட்டார்கள்' என்ற கோபத்தில் அதையும் தரக்குறைவுப் பட்டியலில் பலர் சேர்த்துவிட்டார்கள்.

முதலாளி மாறும்போது

ஃபெண்டரை 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. உற்பத்தியைக் கூட்டியது. 1971-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நான்கு ஸ்க்ரூ மூன்றானது. கூடவே நெக் சாய்வைத் திருகிச் சரிசெய்யும் வசதியும் வந்தது. அந்தக் காலத்துக் கிட்டார்களில் நெக் பக்கவாட்டில் நகர்ந்து, ஓரத்துத் தந்தி ஃபிங்கர்போர்டை விட்டே வழுக்குவது பெரிய குறையாகப் பேசப்பட்டது. பழி மூன்று ஸ்க்ரூ மேல் விழுந்தது. ஆனால் லியோ ஃபெண்டர் பிற்பாடு தொடங்கிய ஜி அண்ட் எல் நிறுவனத்தின் ஆரம்பக் கிட்டார்களிலும் அதே மூன்று ஸ்க்ரூ முறைதான் இருந்தது, நெக் உறுதியாக நின்றது. நெக் உட்காரும் குழியை சிபிஎஸ் காலத்தில் தளர்வாக வெட்டியதே கோளாறு. 1985-இல் பில் ஷல்ட்ஸ் தலைமையில் ஊழியர்கள் சேர்ந்து நிறுவனத்தை வாங்கிய பிறகு பெயர் மீண்டது.

கிப்சன் கதை நீளமானது. 2015 மாடல்களில் ஒரே வீச்சில் பலவற்றை மாற்றினார்கள்: தானாகச் சுருதி சேர்க்கும் மோட்டார் முறுக்காணி, உயரம் மாற்றக்கூடிய பித்தளை நட், அகலமான நெக். விலையையும் நன்றாக ஏற்றினார்கள். பித்தளை நட் தந்தி உரசித் தேய்ந்தது, பிறகு டைட்டானியத்துக்கு மாறினார்கள். அடுத்த ஆண்டே பழைய பாணி ஒரு வரிசை, புதுப் பாணி ஒரு வரிசை என்று பிரிக்க வேண்டி வந்தது. அதே காலத்தில் நிறுவனத்தின் பணம் வீட்டு ஒலிக்கருவி வணிகத்துக்குப் போனது. 2014-இல் பிலிப்ஸின் ஆடியோ பிரிவை 13.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2018 மே 1-ஆம் தேதி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கடனில் மூழ்கடித்தது அந்த மின்னணு வணிகமே. ஆண்டு இறுதிக்குள் கேகேஆர் முதலீட்டு நிறுவனத்தின் கையில் புதிய நிர்வாகத்தோடு வெளியே வந்தது.

சோதனை தவறவிடுவது ஏன்?

கடைசி மேசையில் இருப்பவருக்கு முதலில் தெரிவது கண்ணுக்குத் தெரியும் குறைதான்: பூச்சில் கோடு, சாயக் கசிவு. தூக்கிய ஃப்ரெட்டைப் பிடிக்க ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்திக் கேட்க வேண்டும். 6 தந்தி, 22 ஃப்ரெட், 132 இடங்கள். அவசர நாளில் முதலில் வெட்டுப்படுவது இந்த நேரம்தான்.

இதற்கு பெர்லினில் பிறந்த ப்ளெக் இயந்திரத்தை கிப்சன் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறது. தந்திகளை முறுக்கிய நிலையில் நெக்கை மாட்டி, ஒவ்வொரு ஃப்ரெட்டின் உயரத்தையும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளந்து, தந்தியைக் கழற்றிய பிறகு மேடானதைச் செதுக்குகிறது. மிக நல்ல கருவி. ஆனால் அது அன்றைய மரத்தை அளக்கிறது. பின்னர் காய்ந்து அசையும் மரத்துக்கும், பைண்டிங் சுரண்டும் கைக்கும், நெக் ஒட்டும் கோணத்துக்கும் அதனால் பொறுப்பேற்க முடியாது.

அமெரிக்காவின் பெரிய கடைகள் சில, விலை உயர்ந்த ஒவ்வொரு கிட்டாரையும் அனுப்பும் முன் தாங்களே சோதித்து, வரிசை எண்ணோடு எடையையும் படத்தையும் காட்டுகின்றன. வாடிக்கையாளருக்கு நல்லதுதான். தொழிற்சாலை முடித்திருக்க வேண்டிய வேலையில் ஒரு பகுதி கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதையும் அது காட்டுகிறது.

கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை

பெட்டியோடு ஒரு நாள் அறையில் வைத்துவிட்டு, அப்புறம் திறந்து சுருதி சேர்த்துத் தொடங்குங்கள்.

1. தலைப்பக்கத்திலிருந்து நெக்கின் இரு ஓரங்களையும் கண்ணால் நோட்டமிடுங்கள். இரண்டும் ஒரே அளவில் வளைந்தால் ட்ரஸ் ராட் சரிசெய்யும். ஒன்று ஒரு பக்கமும் மற்றொன்று வேறு பக்கமும் போனால் நெக் முறுக்கியிருக்கிறது.

2. ஏடிஎம் கார்டின் நேர் விளிம்பை அடுத்தடுத்த மூன்று ஃப்ரெட் மேல் வையுங்கள். ஆடினால் நடு ஃப்ரெட் தூக்கியிருக்கிறது. மேலே போகப் போக இடைவெளி குறையும், அங்கே குறுகிய விளிம்பைப் பயன்படுத்துங்கள்.

3. தந்தியை 2-க்கும் 3-க்கும் நடுவில் அழுத்தி, முதல் ஃப்ரெட் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மயிரிழை இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் நட் காடி ஆழம் அதிகம், திறந்த தந்தி கரகரக்கும். நிறைய இருந்தால் தொடக்க ஃப்ரெட்டுகளில் சுருதி ஏறும்.

4. சுருதி சேர்க்கும்போது மூன்றாம் தந்தியில் 'டிங்' என்று ஒரு சத்தம் வந்து சுருதி தாவினால், நட் காடி தந்தியை இறுக்கிப் பிடிக்கிறது.

5. முதல் தந்தியை ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஓரமாக இழுத்துப் பாருங்கள், நிப்பில் சிக்குகிறதா என்று.

6. பிரிட்ஜ் அடியோடு உட்கார்ந்தும் தந்தி உயரமாக இருந்தால் நெக் கோணம் தவறு.

ரிலீஃப், தந்தி உயரம், துருத்திய ஃப்ரெட் முனை, நட் காடி ஆகியவை நல்ல பழுதுபார்ப்பவர் கையில் ஒரு பகலில் சரியாகும். முறுக்கிய நெக்கும் தவறிய நெக் கோணமும் அப்படிச் சரியாவதில்லை. அவற்றுக்குத் திருப்பி அனுப்புவது ஒன்றே வழி. கடைக்காரர் "செட்டப் (இந்தச் சரிசெய்யும் வேலைகள்) செய்து தருகிறோம்" என்றால், முதலில் 1-ஐயும் 6-ஐயும் அவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். நட்டில் ஒருமுறை அரம் பட்டுவிட்டால், அப்புறம் அந்தக் கிட்டாரைப் புதிது என்று யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.